ஏற்காட்டுக்கு ஒரு பழைய வேன்: டிராவலரா, விங்கரா? மஞ்சள் போர்டா, வெள்ளையா?

நாகலூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. வீட்டை ஒட்டி நாலு அறை கட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். பெரும்பாலும் சேலம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கி வரும் குடும்பங்கள், எட்டுப் பேர் பத்துப் பேர் என்று வருவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு டாக்ஸி பிடித்துக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சொந்தமாக ஒரு பெரிய வேன் இருந்தால் தேவலை. புதிது வாங்க வசதி இல்லை, ஏழு லட்சத்துக்குள் பழசு போதும். எங்கள் வீட்டிலும் கல்யாணம், காதுகுத்து என்றால் கிளம்பும்போதே ஒரு படை.

இதுவரை பார்த்து வைத்தது மூன்று.

2015 டெம்போ டிராவலர், 12 சீட், மஞ்சள் போர்டு (வாடகைக்கு ஓட்டுவது), நாமக்கல் வண்டி. கேட்பது ஆறரை லட்சம்.

2016 டாடா விங்கர். ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடியது. கிலோமீட்டர் ரொம்பக் குறைவு, ஐந்தே கால் சொல்கிறார்கள்.

வெள்ளை போர்டு (சொந்த உபயோக) டிராவலர், சொகுசு சீட், ஒரு முதலாளி வீட்டு வண்டி. ஏழே கால். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் இதன்மேல்தான் கண்.

வெள்ளை போர்டில் விருந்தினரை ஏற்றினால் சிக்கல் வருமா? தனியாகக் காசு வாங்காமல் "இலவச பிக்கப்" என்று சொல்லிக்கொண்டால்?

குகைப்பையன்

ரெண்டு மாருதி ஈகோ வேன் எடுத்துப் போடுங்கண்ணா. பார்க்கிங்கும் சுலபம், பெட்ரோல் வண்டி, ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும்.

ஜங்ஷன் டிரைவர்

ரெண்டு ஈகோவுக்கு ரெண்டு டிரைவர் யார் தருவது தம்பி? ஏழு பேரையும் சாமானையும் வைத்துக்கொண்டு ஈகோவை மலையில் ஏற்றிப் பாருங்கள், முதல் கியரில் கெஞ்ச வேண்டியிருக்கும்.

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன், அடிவாரம் வழியும் குப்பனூர் வழியும் தண்ணீர் பட்டபாடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் ரோட்டில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், அதில் இருபது கொண்டை ஊசி. அதனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதே மலையை வைத்துத்தான்.

டிராவலர் பின் சக்கர இழுவை. ஆள் ஏறினால், லோடு பின்னால் அழுத்தும், அந்த அழுத்தம் இழுக்கிற சக்கரத்துக்கே உதவும். விங்கர் முன் சக்கர இழுவை. சமதளத்தில் அருமையான வண்டி, குலுக்கல் கம்மி, தரை தாழ்வு என்பதால் வயசானவர்கள் ஏற இறங்க வசதி. ஆனால் பின்னால் ஆளும் பெட்டியும் நிறைந்து செங்குத்தாக ஏறும்போது முன்பக்கம் இலேசாகிவிடும். மழை பெய்து வளைவில் இலை விழுந்து கிடந்தால் முன் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும். விழுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, வளைவில் நின்று திரும்ப எடுக்கும்போது எரிச்சலாக இருக்கும், கிளட்ச் வாசம் உள்ளே வரும், பயணிகள் முகம் மாறிவிடும்.

டிராவலரிலும் நீளம் பாருங்கள். 3050, 3350, 4020 என்று சக்கர இடைவெளியை வைத்தே மாடலைச் சொல்வார்கள், எல்லாம் மில்லிமீட்டர். உங்களுக்கு 3050 போதும். 4020-ஐக் கொண்டுவந்தால் எதிரே பஸ் வரும் வளைவில் உங்களுக்குத்தான் வேர்க்கும்.

பட்டறை30

டிரைவர் அண்ணன் சொன்னதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம். ஆனால் நல்ல விங்கர், கெட்ட டிராவலரைவிட மேல். மாடலைப் பேசிப் பேசியே எல்லாரும் பொழுதைக் கழிக்கிறார்கள், எதிரே நிற்கிற வண்டியைப் பார்ப்பதில்லை.

டிராவலருக்கு ஒரு வசதி உண்டு, அதை மறுக்க முடியாது. ஃபோர்ஸ் கம்பெனிக்கு பஜாஜ் டெம்போ என்று பெயர் இருந்த காலத்திலேயே மெர்சிடீஸிடமிருந்து வந்த எஞ்சின் குடும்பம் அது, இன்னும் அதே வம்சம்தான். நாமக்கல், சங்ககிரி, சேலம் எங்கே போனாலும் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் கிடைப்பான், பாகமும் கிடைக்கும். 2007-ல் வந்த விங்கர் ரெனோ டிராஃபிக் வேனின் வடிவத்தில் செய்தது. சேஸி (அடிச்சட்டம்) தனி, பாடி தனி என்று இருக்காது, பாடியேதான் சேஸி. அதனால் விங்கரில் துரு என்றால் அழகுப் பிரச்சினை இல்லை, எலும்புப் பிரச்சினை.

பார்க்கிற முறையைச் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை செல்ஃபில் எடுக்கிறது, எடுத்ததும் என்ன நிறத்தில் புகை என்பதில் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் தின்கிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது கறுப்பு கொட்டினால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அங்கே குபுகுபுவென்று அழுத்தத்தோடு புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழிக்காமல் பேசக்கூடாது.

கிளட்சுக்கு, சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாவது கியரில் மெதுவாகக் காலை எடுங்கள். எஞ்சின் திணறி அணைந்தால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. ஒரு தடவை செய்தால் போதும், விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்து அடுத்தவன் கிளட்சை எரித்துவிடாதீர்கள்.

பிறகு தரை விரிப்பைத் தூக்குங்கள். யாரும் தூக்குவதில்லை! படிக்கட்டுக்குக் கீழே, தள்ளு கதவின் தடம், சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, கூரை ஓரத்துக் கால்வாய், ஏசி தண்ணீர் வடியும் இடம். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் விரலால் தட்டினாலே சத்தம் மொத்தையாக வரும். கடலோரத்தில் ஓடிய வண்டியில் இதெல்லாம் இரண்டு மடங்கு கவனம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூ நிறைய இருக்கிறது என்று பழைய டயரை நம்பி மலையில் ஏறாதீர்கள்.

நாகலூர்க்காரன்

பட்டறை அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அந்த விங்கர் ஓடியதே கொஞ்சம் கிலோமீட்டர்தானே, அது ஒரு பெரிய அனுகூலம் இல்லையா? டிராவலர் அதைப் போல மூன்று மடங்கு ஓடியிருக்கிறது.

பட்டறை30

பள்ளி வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்கவே கூடாது. காலையில் தெருத்தெருவாக நின்று பிள்ளைகளை ஏற்றும், சாயங்காலம் அதே மாதிரி இறக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கிளட்ச், ஒரு முதல் கியர், ஒரு பிரேக், ஒரு கதவு. நடுவில் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், மீட்டரில் ஒரு எண்ணும் ஏறாது. டூரிஸ்ட் வண்டி சேலத்தில் ஸ்டார்ட் செய்தால் ராமேஸ்வரத்தில்தான் நிற்கும், சூடான எஞ்சின், டாப் கியர், நேர் ரோடு. எனக்கு இரண்டையும் கொடுத்தால், பராமரிப்பு பில் இருக்கிற டூரிஸ்ட் வண்டியைத்தான் எடுப்பேன்.

மீட்டரை நம்புவதும் வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் சீட் ஓரம் இவை பொய் சொல்லாது.

விங்கருக்கு ஒரு தனிச் சோதனை: காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், இரண்டு பக்கமும். முன்னாலிருந்து டக் டக் என்று வந்தால் ஆக்சில் ஜாயின்ட் போயிற்று. கொண்டை ஊசியில் அது சீக்கிரமே உங்களைப் பட்டறைக்கு அனுப்பும்.

பழைய கன்சல்டிங்

வண்டி பற்றி எல்லாரும் சொல்லியாயிற்று, காகிதம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் இந்தத் தொழிலில் இருந்தவன். எஞ்சின் கெட்டால் பணத்தால் சரிசெய்யலாம், ஆர்சி கெட்டால் வண்டி கொட்டகையில்தான் நிற்கும்.

முதலில் வெள்ளை போர்டு கேள்வி. "காசு வாங்கவில்லை, இலவசம்" என்ற கணக்கு எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல், டிரைவர் போக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியை, வாடகை வாங்காவிட்டாலும், உரிமையாளர் தன் தொழில் சம்பந்தமாக ஆட்களை ஏற்றப் பயன்படுத்தினால் அது தனியார் பணி வாகனம். அதுவும் போக்குவரத்து வாகன வகையில்தான் வருகிறது, பர்மிட் வேண்டும். நீங்கள் அறை வாடகைக்கு விடுகிறீர்கள், அறைக்கு வருகிறவரைக் கூட்டி வருகிறீர்கள். அது தொழில் இல்லை என்று எந்த அதிகாரியிடம் சொல்வீர்கள்? அபராதத்தைக்கூட விடுங்கள். பதினொரு விருந்தினரோடு ஒரு விபத்து என்றால், சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த இன்சூரன்ஸ் கையை விரிக்கும், நஷ்டஈடு உங்கள் தோட்டத்தின் மேல் வந்து நிற்கும்.

ஆகவே அந்த ஏழே கால் லட்சம் வண்டியை மறந்துவிடுங்கள். அதை மஞ்சளாக மாற்றலாம், மாற்றுகிற செலவும் அலைச்சலும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட் எங்கேயோ போய்விடும்.

மஞ்சளில் 12+1, அதாவது பன்னிரண்டு பயணியும் டிரைவரும் என்பது மேக்ஸி கேப். அதற்கு மேல் ஒரு சீட் கூடினாலும் வகை மாறும், வரி மாறும். ஆர்சியில் 12 என்று போட்டிருக்க, உள்ளே மடக்கு சீட் இரண்டு சேர்த்து வைத்திருந்தால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) காட்டும்போது கழற்றச் சொல்வார்கள். உள்ளே போய் எண்ணுங்கள்.

எஃப்சி எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். 2015 வண்டி என்றால் இனி ஒவ்வொரு வருஷமும் பெயின்ட், லைட், பிரேக், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று ஒரு செலவு. இதை வண்டி விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். காலாண்டு வரி பாக்கி இருந்தால் அது விற்றவரோடு போகாது, வண்டியோடு வரும். பசுமை வரியும் பாருங்கள், சலான் பாக்கியும் பாருங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். "கடன் கட்டியாயிற்று, சும்மா ஆர்சியில் நிற்கிறது" என்பார்கள். ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), ஆர்சியில் ஃபைனான்ஸை நீக்க உரிமையாளரும் கம்பெனியும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வரும்வரை டோக்கன் தவிர ஒரு பைசா தராதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30. பர்மிட் தானாக உங்கள் பெயருக்கு வராது, அதற்கு அனுமதி தனி. அவர் ஒப்படைத்துவிட்டு நீங்கள் புதிதாக எடுப்பதுதான் வழக்கமாக நடப்பது. சேஸி எண்ணைக் கண்ணால் பார்த்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள், போட்டோவில் பார்த்தால் போதாது.

ஆத்தூரான்

பெங்களூரில் இதே வண்டி ஒரு லட்சம் கம்மியாகக் கிடைக்கிறதே?

பழைய கன்சல்டிங்

கிடைக்கும். அங்கே என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு எண் வாங்கி முடிப்பதற்குள் அந்த லட்சம் கரைந்துவிடும். கார் என்றால் யோசிக்கலாம், மஞ்சள் போர்டுக்கு வேண்டாம்.

காப்பித்தோட்டம்

நாகலூர்த் தம்பி, எல்லாரும் எந்த வண்டி என்று பேசுகிறார்கள், எனக்கு வண்டியே வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்களுக்கும் மலையில் தங்கும் விடுதி உண்டு. கோடை விழா சமயத்திலும் தொடர் விடுமுறையிலும் கூட்டம், மற்ற நாளில் வண்டி வாசலில் நிற்கும். நின்றாலும் வரியும் இன்சூரன்ஸும் எஃப்சியும் நிற்காது. காப்பி பறிக்கும் மாசத்தில் உங்களால் தோட்டத்தை விட்டு நகர முடியாது, யார் ஓட்டுவது? நாங்கள் அடிவாரத்தில் ஒரு நல்ல டிரைவரோடு பேசி வைத்திருக்கிறோம், அவர் டிராவலர், அவர் பர்மிட், அவர் தலைவலி. விருந்தினரிடம் நேராக வாங்கிக்கொள்கிறார்.

வாங்கித்தான் தீருவேன் என்றால், வேலைக்கு வரும் பெண்களை ஏற்றலாம், சாக்கு மூட்டையும் ஏற்றலாம் என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள். சீட்டில் ஒரு தடவை மிளகு மூட்டை ஏறினால் விருந்தினர் ஏறும்போது முகம் சுளிப்பார்கள், பயணி வண்டியில் சரக்கு ஏற்றுவதும் கேஸ்தான்.

நாகலூர்க்காரன்

அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் நாகலூர் வரைக்கும் வர டிரைவர்கள் ரொம்பத் தயங்குகிறார்கள், ஏற்காடு ஏரியோடு இறக்கிவிடப் பார்க்கிறார்கள். என் தம்பி ஓட்டத் தயார். அவனிடம் சாதாரண கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இல்லை. அது ஒரு தடை என்று ஒரு புரோக்கர் சொன்னார்.

பழைய கன்சல்டிங்

புரோக்கருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை இலகு ரக லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. 12 சீட் டிராவலர் அந்த எடைக்குள் தாராளமாக அடங்கும். தம்பி ஓட்டலாம்.

ஜங்ஷன் டிரைவர்

சட்டப்படி ஓட்டலாம், சரி. மலையில் கார் ஓட்டியதும் வேன் ஓட்டுவதும் ஒன்றில்லை என்பதைத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் இருக்காது, இரண்டு மூன்று அழுத்துக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் டிரம் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். அதனால் மலை வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றுங்கள், மெக்கானிக் "நல்லாத்தான் இருக்கு" என்றாலும்.

கூட்ட நாட்களில் போலீஸ் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று அடிவாரம், குப்பனூர் ரோடுகளைப் பிரித்துவிடுவார்கள். விருந்தினரின் ரயில் நேரத்துக்கு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்குமுன் ஒரு மலைச் சோதனை செய்யுங்கள். நாலைந்து பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில். சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விற்கிறவர் "பைபாஸில் ஓட்டிப் பாருங்கள், மலை எதற்கு" என்றால் எதற்கு என்று அவருக்கே தெரியும்.

குகைப்பையன்

ஏழு லட்சத்தை அப்படியே வைத்து இன்னும் கொஞ்சம் கடன் போட்டு புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியாகப் பார்க்கலாமே? பிஎஸ்3 என்றால் நாளைக்கு என்ன சட்டம் வருமோ.

பட்டறை30

பார்க்கலாம். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டியில் புகைக் குழாயில் கரி வடிகட்டி இருக்கும். அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, எஞ்சின் சூடாகி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இவர் வண்டி நாகலூருக்கும் ஏரிக்கும் இடையே குட்டி ஓட்டமாகவே ஓடினால் அடைத்துக்கொண்டு லைட் எரியும். வாரம் ஒரு தடவையாவது சேலம் வந்து நெடுஞ்சாலையில் ஓடினால் பிரச்சினை இல்லை. 2015, 2016-ல் வந்தவை பெரும்பாலும் பிஎஸ்3, நாலு சாதாரண சாவியை வைத்துக்கொண்டு வேலை பார்த்துவிடலாம். இவர் உபயோகத்துக்கு நான் பழசுக்குத்தான் கை தூக்குவேன்.

நாகலூர்க்காரன்

பட்டறை அண்ணன் நேரிலேயே வந்து உதவினார், அதை இங்கே பொதுவில் சொல்லியாக வேண்டும். நடந்தது இது.

விங்கர்: தரை விரிப்பைத் தூக்கினோம். படிக்கட்டு ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் வைத்து இலேசாக அழுத்தினால் உள்ளே போகிறது. வட்டம் போட்டதில் இடது பக்கம் டக் டக். மஞ்சள் பெயின்டை வெள்ளையாக்கி இருக்கிறார்கள், ஆர்சியில் இன்னும் மஞ்சள்தான். எஞ்சின் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல் டிராவலர்: குளிரில் முதல் செல்ஃபிலேயே எடுத்தது. வெளியே ஒரு பக்கம் பட்டி, சின்ன உரசல்தான். கிளட்ச் பாதி ஆயுள் என்று அண்ணன் சொன்னார். மலைச் சோதனைக்கு உரிமையாளர் மறுக்கவில்லை, அவரே ஓட்டி வந்தார். சூட்டு முள் அசையவில்லை. இறங்கும்போது பின் பக்கம் பிரேக் ஒரு பக்கமாக இழுத்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு வீல் சிலிண்டர் கசிந்து லைனர் நனைந்திருக்கிறது. டயர் நாலும் மாற்ற வேண்டும். பரிவாகனில் ஃபைனான்ஸ் இன்னும் ஏறியே நிற்கிறது, கடன் முடிந்துவிட்டது என்று ரசீது காட்டினார்.

டயர், பிரேக், கிளட்ச் மூன்றையும் சொல்லி ஐந்தே முக்காலுக்குப் பேசி முடித்திருக்கிறது. பத்தாயிரம் டோக்கன் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டேன். இதில் வேறு ஏதாவது?

பழைய கன்சல்டிங்

ரசீது போதாது, என்ஓசியும் 35-ம் வரட்டும். எழுதி வாங்கிய தாளில் இன்ன தேதிக்குள் ஃபைனான்ஸ் நீக்கித் தராவிட்டால் டோக்கன் திரும்ப வரும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வண்டி உங்கள் கைக்கு வருகிற நாள், நேரம் இரண்டையும் எழுதுங்கள். அதற்கு முன்னால் உள்ள சலானும் விபத்தும் அவர் பொறுப்பு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், ஆர்சி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காப்பித்தோட்டம்

விலை நல்ல விலைதான். தம்பி ஓட்டப் பழகிய பிறகு எங்கள் விருந்தினரையும் கொண்டுவந்து விடுவானா? பர்மிட் கைக்கு வந்த பிறகு கேட்கிறேன்.

குகைப்பையன்

அண்ணா, அந்த விங்கர் விற்றுவிட்டதா? மாமாவுக்குப் பந்தல் சாமான் ஆட்களை ஏற்ற ஒரு வேன் வேண்டும். சேலத்துக்குள்ளேதான் ஓடும், மலைப் பக்கமே போகாது.

நாகலூர்க்காரன்

நேற்று வரை நின்றது. நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். படிக்கட்டு வெல்டிங்கும் ஆக்சில் ஜாயின்டும் சேர்த்து நாலே காலுக்கு மேல் போகாதீர்கள், கலர் மாற்றத்தை ஆர்சியில் அவரையே ஏற்றித் தரச் சொல்லுங்கள்.